முழுக்க முழுக்க அசல் பாகங்களால் ஆன கதை

1

தமிழில் இதுவரை எழுதப்பட்ட கதைகளிலேயே முழுக்க முழுக்க அசலான கதை இதுதான். இதைத் தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன். இதில் ஒரு வாக்கியம், ஓர் உவமை, ஒரு காற்புள்ளிகூட வேறு கதையிலிருந்து கழற்றி மாட்டப்பட்டதல்ல. என்னுடைய பழைய கதைகளிலிருந்துகூட அல்ல. (என் பழைய கதைகள் மொத்தம் ஒன்று. அதைப் பற்றிப் பிறகு.)

கதை பிறந்த விதத்தையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்லூரி ஆண்டு மலருக்குக் கதை கொடுக்க நாளை கடைசி நாள். பெரும்பாலான இலக்கியம் இப்படித்தான் பிறக்கிறது, வெளியே சொல்லத்தான் ஆளில்லை. இரண்டாவது காரணம் என் அக்கா. அப்பாவின் பழைய பைக் இன்ஜினைத் திறந்து, அதே கம்பெனியின் பதிமூன்று வருடம் இளைய மாடலிலிருந்து எடுத்த ஒரு பாகத்தை உள்ளே மாட்டினாள். ஒருவன் வயிற்றைக் கிழித்து இன்னொருவன் குடலை வைத்துத் தைப்பது போன்ற இந்தக் கேவலத்தைக் கண்டித்து எழுதுவது என் கடமை என்று பட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: “அப்பா ஒரு மலையைப் போல—”

வேண்டாம். உடம்பு எடையைப் பற்றிப் பேசினால் அப்பாவுக்குப் பிடிக்காது.

இரண்டாவது முயற்சி: “டுப், டுப், டுப் என்று காலத்தின் இதயம் அந்த இன்ஜினுக்குள்—”

இதை அக்கா படித்தால் சிரிப்பாள். (சிரித்தாள். தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.)

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி சொல்வது. கொஞ்சம் தரக்குறைவான உத்திதான். நேரமில்லை.

அப்பாவிடம் ஒரு பைக் இருக்கிறது. என்னைவிட, அக்காவைவிட, அம்மாவோடு அவருக்கு நடந்த கல்யாணத்தைவிட மூத்தது. சிக்னலில் யாராவது நிறுத்தி விசாரித்தால் அப்பா சொல்லும் வசனம் ஒன்று உண்டு: “உள்ள ஒரு நட்டு கூட மாத்தினதில்ல, சார். பொறந்தப்ப எப்படியோ அப்படியே.” சிக்னல் பச்சைக்கு மாறினாலும் நகரமாட்டார்.

போன வருடம் டாக்டர் அப்பாவின் வலது முட்டியை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார். ஓட்டலாம், ஆனால் ஓங்கி மிதிக்கக்கூடாது என்றார். அந்த வண்டியோ ஓங்கி மிதிக்காமல் கிளம்பாது. சிலிண்டருக்குள் காற்று இறுகி நின்று காலைத் திருப்பித் தள்ளும். சரியாக மிதிக்காவிட்டால் உதைக்கவும் செய்யும். அதனால் தினமும் காலையில் அப்பாவுக்காக நான் மிதிக்கிறேன். அப்போது அவர் கொஞ்சம் தள்ளி நின்று, எதிர்வீட்டு மதிலைப் பார்ப்பார். அது அவருடைய வண்டியே அல்ல, அவர் அந்த வழியாக வந்தவர் என்பது போல.

நான் திங்கட்கிழமை ஹாஸ்டலில் சேருகிறேன். அக்கா வேலை பார்ப்பது பம்ப் தயாரிக்கும் கம்பெனியில், விடியுமுன் ஷிப்ட். ஆக, திங்களுக்குப் பிறகு அந்த வண்டிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை வாங்க வேண்டியதுதான். அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடையில் உறையின் அளவை மட்டும் விசாரித்துவிட்டு வந்தார். அம்மா அதை அக்காவிடம் சொன்னாள்.

3

இங்கே கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. அக்காவை வில்லியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் ஒத்துழைக்க மறுக்கிறாள்.

திட்டம் அவளுடையது. இளைய மாடலின் கேமில் (கேம் என்பது வால்வுகளைத் திறந்து மூடும், மேடு வைத்த ஒரு சின்ன உருளை) தம்மாத்துண்டு எடைக்கட்டி ஒன்று உண்டு. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது ஒரு வால்வை மயிரிழை திறந்து வைத்துக் காற்றை விட்டுவிடும். மிதிப்பது சுலபம். வேகம் பிடித்ததும் தானே விலகிக்கொள்ளும். பழைய மாடலில் அது கிடையாது.

அம்மா, அப்பாவை அத்தை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். போகும்போது வாசலில் குனிந்து செருப்பை மாட்டுவது போல, “ரெண்டு நாள்தான் என்னால புடிச்சு வைக்க முடியும்” என்றாள்.

அக்கா தரையில் பழைய போர்வையை விரித்தாள். டார்ச் என் கையில்.

“இது ஒட்டு வேலை,” என்றேன். “நாளைக்கு யாராவது என்ன மாடல்னு கேட்டா அப்பா என்ன சொல்லுவாரு?”

“வெளக்க நேரா புடி.”

“பாதி ஒரு வருஷம், பாதி இன்னொரு வருஷம். இதுக்குப் பேரே கிடையாது.”

“அப்பாவோட முட்டி எந்த வருஷ மாடல்?”

“போன வருஷம்.”

“அவர இப்ப என்னன்னு கூப்பிடற?”

நான் விளக்கை நேராகப் பிடித்தேன். (கல்லூரியில் என்னைச் சொல்லால் வென்றவர்கள் இல்லை. இந்தத் தகவல் கதைக்குத் தேவையில்லை.)

இந்த இடத்தில் என் பழைய கதை. சித்திக்குக் கண் மங்கிவிடுகிறது. ஊசியில் நூல் கோர்க்க ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் அவள் தையல் மெஷினில் பெரிய காது வைத்த ஊசியை ரகசியமாக மாட்டிவிடுகிறார்கள். மலர் ஆசிரியர், தாடி வைத்த இறுதியாண்டு அண்ணன், படித்துவிட்டு, “முடிவு நல்லா இருக்குடா. அதுக்கு முன்னாடி வர்ற பக்கங்கள்தான் இடிக்குது” என்று திருப்பிக் கொடுத்தார். ஆக, என் மேசை இழுப்பறையில் கதை இல்லாத முடிவு ஒன்று நல்ல நிலையில் சும்மா கிடக்கிறது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், சும்மாதான்.

4

இன்ஜினின் பக்கவாட்டு மூடி கழன்றது.

கதை படித்துப் பழகிய உங்களுக்கு இந்த இடத்தில் என்ன வரும் என்று தெரியும். உள்ளே ஏற்கெனவே ஏதோ ஒரு பாகம் மாற்றப்பட்டிருக்கும். அப்பா இத்தனை நாளும் அளந்துவிட்டிருக்கிறார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்போம். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். உவமைகூடத் தயார்.

எல்லாமே அசலாக இருந்தது. ஒவ்வொரு பல்சக்கரத்திலும் ஒரே வருட முத்திரை. திருகுகளின் தலையில் ஒரு கீறல் கிடையாது.

அக்கா பழைய கேமைக் கழற்றி, துணியில் துடைத்து, கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“நெஜமாத்தான் சொல்லியிருக்காரு,” என்றாள்.

“மூடிடலாமா?”

“மூடிட்டு?”

அவள் அந்தக் கேமை அப்பாவின் பழைய கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அவர் கேட்டால் திருப்பி மாட்டிவிடலாம் என்றாள். பிறகு, உதடு கொஞ்சம் கோணிக்கொள்ள, புதியதை எடுத்தாள். புதியது என்றால், பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதன் துளை பெரிது, நம் இன்ஜினின் அச்சு மெலிது. நடுவில் போட ஒரு பித்தளை வளையத்தை அவளே கம்பெனி லேத்தில் கடைந்து வைத்திருந்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

5

அடுத்து எங்கள் மகத்தான தவறு.

கேமின் பல்சக்கரத்தில் ஒரு புள்ளி இருக்கும், அதைச் சுழற்றும் சக்கரத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பூட்ட வேண்டும். அக்கா வைத்தாள். நான் சரிபார்த்தேன். மூடினோம். மிதித்தேன்.

வண்டி தும்மியது. பெட்ரோல் நாற்றத்தோடு, கார்புரேட்டர் வழியாக, என் முகத்தில். இரண்டாவது தடவை என் காலை உதைத்தது.

“புள்ளி நேராதானே இருக்கு,” என்றேன், ஒற்றைக் காலில் நின்றபடி.

அக்கா மறுபடி மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள். ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஸ்குரூடிரைவரை விட்டு, பிஸ்டன் எப்போது மேலே வருகிறது, வால்வு எப்போது திறக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். நெற்றியில் கிரீஸ்.

“இதோட புள்ளி இதோட ஜோடிக்காக வெச்சது. நம்ம சக்கரத்தோட புள்ளி வேற ஜோடிக்கு வெச்சது. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்ததே இல்ல. நாமதான் சும்மா நேருக்கு நேரா நிக்க வெச்சிருக்கோம்.”

“அப்ப எதப் பாத்து மாட்டறது?”

“புள்ளிய மறந்துட்டு பல்ல எண்ணணும்.”

ஒரு பல் தள்ளி மாட்டினாள். மிதித்தேன். காலடியில் ஒன்றுமே இல்லாதது போல இறங்கியது, வண்டி கிளம்பியது. அணைத்து அணைத்துப் பல தடவை மிதித்தோம். ஒரே ஒரு தடவை கிளம்பவில்லை. ஏன் என்று அக்காவுக்கும் தெரியவில்லை. இதை எழுதாமல் விட்டிருந்தால் கதை இன்னும் அழகாக இருந்திருக்கும்.

6

முடிவுகள்.

அ. அப்பா மிதிக்கிறார், கிளம்புகிறது, எதுவும் தெரியாமல் சந்தோஷமாகப் போகிறார். (அப்பாவை முட்டாளாக்குகிறது. விலக்கப்பட்டது.)

ஆ. அப்பா மிதித்த கணமே தெரிந்துகொண்டு, “என் வண்டிய என்ன பண்ணீங்க” என்று கேட்கிறார். (இதை எழுத எனக்குத் தைரியம் போதாது.)

இ. கிளம்பவில்லை. என்னைக் கூப்பிடுகிறார்.

இதை எழுதும் இந்த நிமிடம் அப்பா வெளியே ஹெல்மெட் வாரைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அத்தை வீட்டிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சன்னல் வழியாகக் கேட்கிறது.

“பையனக் கூப்பிடட்டுமா?” இது அம்மா.

“இருக்கட்டும். திங்கக்கெழமைக்கு அப்புறம் எப்படியும் அவன் இல்ல. நானே ஒரு தடவ பாக்கறேன், முடியலன்னா விட்டுடலாம்.”

அக்கா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடிக்கிறாள். “டேய், இங்க வா.”

“எழுதிட்டிருக்கேன்.”

“பயமா இருக்குன்னு சொல்லு.”

“எழுதிட்டிருக்கேன்.”

எழுந்து நான்கு எட்டு நடந்தால் முழுக்க முழுக்க அசலான முடிவு ஒன்று முற்றத்தில் கிடைக்கும். ஆனால் அது இ-யாக இருந்தால்? “டேய், கொஞ்சம் வா” என்று அப்பா கூப்பிடும் அந்தக் குரல் உங்களுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கேட்பது போல இருக்கும். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. வாசகர்களே, கீழே இடம் விட்டிருக்கிறேன், உங்களுக்குப் பிடித்ததை எழுதிக்கொள்ளுங்கள்.

7

சித்தி (அப்பா) மெஷினுக்கு (பைக்குக்கு) முன்னால் வந்து நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. நூல் நுனியை எச்சில் தொட்டு (இது வேண்டாம்) மெல்லக் காலைத் தூக்கி வைத்தார். கை நடுங்கியது (கால்). ஒரே தடவைதான். சட்டென்று நுழைந்துகொண்டது (கிளம்பியது).

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடம் தைத்தவருக்கு (ஓட்டியவருக்கு) ஊசி (உள்ளே) மாறியது தெரியாமல் இருக்குமா. திரைச்சீலைக்குப் பின்னால் நாங்கள் மூச்சுவிடவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எங்களுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார்:

“கண்ணு (காலு) தேறிடுச்சு போல.”*

*இழுப்பறையில் கிடந்ததைப் பல் எண்ணிப் பார்த்துத்தான் மாட்டினேன்.