டிங்கு மாமாவின் மணி

டிங்கு மாமா வாழ்நாள் முழுக்க ஓட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று ஆங்கிலம் பேசியவர். ஓய்வு பெற்ற அன்று முதலாளி அந்த மேசை மணியையே பரிசாகக் கொடுத்துவிட்டார். அதன் தலையில் ஒரு தட்டு தட்டினால் ‘டிங்’. மாமா அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். வீட்டில் யார் ஆங்கிலத்தைத் தப்பாகப் பேசினாலும் ஒரு தட்டு.

“ஏங்க, நம்ம கசின் பிரதர் ரிட்டர்ன் திரும்பி வந்துட்டாராம்” என்று அத்தை ஆரம்பிப்பாள்.

டிங். டிங்.

“கசின்னு சொன்னா போதும். ரிட்டர்ன்னாலே திரும்புறதுதான். ம், இப்போ சொல்லு.”

சொல்ல வந்தது அதற்குள் அத்தைக்கு மறந்துபோயிருக்கும்.

அடுத்த வீட்டுக் கிளி ஒரு சாயங்காலம் ‘குட்மார்னிங்’ சொல்லி மணி வாங்கியது. அதன்பிறகு சாகும்வரை அது விசில் மட்டுமே அடித்தது. நம்பாதவர்கள் அந்த வீட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

அத்தையும் கிளி வழிக்கு வந்தாள். ஃப்ரிட்ஜ் முதலில் ‘அந்தக் குளிர்ற அலமாரி’ ஆனது. அப்புறம் கையால் காட்டினாள். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பார்த்தியா, இப்பல்லாம் ஒரு தப்புகூட இல்ல!”

ஒருநாள் காலையில் டீயை வைத்துவிட்டு அவள் நெஞ்சில் கை வைத்தாள். “ஏங்க, இங்க நடு சென்டர்ல...”

டிங்.

“நடுன்னாலும் சென்டர்னாலும் ஒண்ணுதானே?”

அத்தை தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அடுத்த வாரம் துணி காயப்போடும்போது கொடிக்குக் கீழேயே மடங்கி விழுந்தாள்.

“எப்போலேர்ந்து வலி?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டார் டாக்டர்.

ஓட்டலில் எந்த விருந்தாளிக்கு எத்தனை தலையணை என்று இன்றும் தூக்கத்தில் சொல்லக்கூடிய மாமா, பக்கத்தில் நின்ற அத்தையின் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள். “ஒரு மாசமா, டாக்டர். மாடி ஏறினா மூச்சு வாங்கும், தோள் கடுக்கும். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவுக்குக்கூடத் தெரியும்.”

வெளியே வந்ததும் மாமா கேட்டார். “என்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?”

“சொன்னாளே அத்தான். நீங்க மணி அடிச்சீங்களாம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.”

அந்தச் சிரிப்புதான் மாமாவை அறுத்தது.

அத்தை பிழைத்துவிட்டாள். அவள் வீடு வருவதற்கு முன்னாலேயே மாமா மணியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். அதன் அடிப்பாகம் அழுத்திய வட்டம் மட்டும் மேசையில் இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை.

“பேசு” என்றார், வீடு வந்த அத்தையின் எதிரே உட்கார்ந்து. “எப்படி வேணா பேசு. மணிதான் இல்லையே.”

அத்தை அவரைப் பார்த்தாள். “டாக்டர் கம்ப்ளீட்டா முழுசா ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருங்க” என்றாள்.

சொன்னவள் நிறுத்தினாள். கண் தானாக அந்த வட்டத்துக்குப் போனது. அந்த மணி ஒரு தரம் அடித்து ஓயும் அளவுக்குக் காத்திருந்தாள்.

மாமா கைகளை மடியில் இறுக்கிக்கொண்டார். “ம், அப்புறம்? சொல்லு.”

“என்னமோ சொல்ல வந்தேன்” என்றாள் அத்தை. “மறந்துபோச்சு.”