எட்டு நாள் வித்தியாசம்

செத்துப்போனால் வெள்ளைக்காரன் ஆகிவிடலாம் என்பதை நியூசிலாந்தின் வெலிங்டனில், ஒரு குளிர்கால விடுமுறையில், தற்காலிக வேலைக்குப் போன இடத்தில் கற்றுக்கொண்டேன். உயிரோடு இருக்கும்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில் ஒருவன் தன் கையாலேயே, அந்த நாட்டுப் பூர்வகுடியான 'மாவோரி' என்று குறித்திருப்பான். இறந்ததும் சவ அடக்கம் செய்து தருகிற நிறுவனத்துக்காரர் முகத்தைப் பார்த்து இறப்புப் பதிவுத் தாளில் 'ஐரோப்பியர்' என்று குறித்துவிடுவார். துக்கத்தில் இருப்பவர்களிடம் இனம் கேட்பது நாகரிகமில்லை என்று அவருக்கு எண்ணம். அந்த நாகரிகத்தின் புண்ணியத்தில் மாவோரிகள் காகிதத்தில் குறைவாகவே செத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இரண்டு தாள்களையும் ஜோடி சேர்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. பெயர்கள் கிடையாது. ஆணா பெண்ணா, பிறந்த தேதி, பிறந்த நாடு, குடியிருந்த பகுதி, இவ்வளவுதான். கணினி மதிப்பெண் போடும். அதற்கே சந்தேகமான ஜோடிகள் எங்கள் திரைக்கு வரும். சேர்க்கலாம், அல்லது விடலாம். கல்யாணத் தரகு மாதிரிதான், ஒரு பக்கம் பிணம் என்பதைத் தவிர.

சட்டம் ஒன்றே ஒன்று. திரையில் இல்லாத எதையும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் எழுந்துபோய் மேலாளர் அலிசனிடம் சொல்லிவிட வேண்டும்.

பக்கத்து இருக்கை மெரே ஆன்ட்டிக்கு. ஐம்பதைத் தாண்டிய மாவோரிப் பெண்மணி, ஒன்பது வருட அனுபவம். நான் வாய் மூடாமல் பேசுவேன். அவர் வாரத்துக்கு ஒருமுறை என்னை 'ரேடியோ' என்று அழைப்பார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

ஜூன் கடைசியில் எனக்கு ஒரு ஜோடி வந்தது. ஆண், முப்பத்திரண்டு வயது. இரண்டு தாளிலும் ஓட்டாகி என்ற ஊர் அருகே ஒரே சின்னப் பகுதி. கணக்கெடுப்பு முடிந்து ஆறு வாரத்தில் மரணம். கணக்கெடுப்பில் மாவோரி, இறப்புப் பதிவில் ஐரோப்பியர். பிறந்த தேதியில் மட்டும் எட்டு நாள் இடித்தது. இருந்தாலும் 'சேர்' என்பதை அழுத்தத்தான் விரல் போனது. அழுத்தியிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன்.

"ஆன்ட்டி, இங்க ஒருத்தனுக்கு ரெண்டு பொறந்தநாள். வருஷத்துக்கு ரெண்டு கேக் வெட்டியிருப்பான் போல."

"எந்த மாசம்?"

"ஜூலை. மூணு, அப்புறம் பதினொண்ணு."

அவர் என் திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார். கெல்வின், அவருடைய தம்பி. சொந்தத்தில் ஒரு பெண் பெற்ற பிள்ளை, தகப்பன் வெள்ளைக்காரன். மூன்றாம் தேதி பிறந்தவனைப் பதினொன்றாம் தேதி மெரேயின் அம்மா மடியில் வைத்துவிட்டுப் போனார்கள், வளர்ப்பதற்கு. அந்த ஊரில் அது சகஜம். வீட்டுக்கு வந்த நாளைத்தான் அவன் பிறந்தநாளாகக் கொண்டாடினான். செம்பட்டைத் தலை, புள்ளி புள்ளியாக வெளுத்த முகம். வீட்டில் அவனுக்குப் பெயர் 'மாவுமூட்டை'.

"அவன் செத்தப்ப அந்தத் தாளை என் முன்னாடிதான் நீட்டினாங்க. கையெழுத்துப் போட்டேன். படிக்கல," என்றார். "நான் படிச்சிருக்கணும்."

எனக்கு வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை. அழுத்திவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னேன்.

"கைய எடு."

"உங்க தம்பிதானே ஆன்ட்டி?"

"அதனாலதான். நாமளே சேத்துக்கிட்டோம்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான். அப்புறம் மத்தவங்க சாவும் பொய்யாயிடும். எழுந்து போய்ச் சொல்லுடா."

போய்ச் சொன்னேன். அலிசன் தலையாட்டினார், காரணம் கேட்கவில்லை, கேட்கக் கூடாது. அந்த ஜோடியைத் தன் திரைக்கு மாற்றிக்கொண்டார். தேதி வேறு, இனம் வேறு. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று மாலையே 'விடு' என்று வந்துவிட்டது. மெரே ஆன்ட்டி அடுத்த ஜோடிக்குப் போயிருந்தார்.

ஒரு வாரம் கழித்து அட்டவணை வந்தது. மாவோரி ஆண்களின் மரணம், பழைய கணக்கைவிட மிக அதிகம். எல்லோரும் அதை மகிழ்ச்சியாகச் சொல்லக்கூடாது என்று மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொண்டார்கள். சேராதவை என்று அடியில் ஒரு வரி இருந்தது. ஆயிரக்கணக்கில் ஓர் எண். கடைசி இலக்கத்தில் கெல்வின் இருந்தான்; மேலே எங்கும் இல்லை.

ஜூலை பதினொன்றாம் தேதி காலை மெரே ஆன்ட்டி, எண்ணெயில் பொரித்து மாவுபோல் சர்க்கரை தூவிய ரொட்டி கொண்டுவந்தார். எல்லா மேசைக்கும் ஒவ்வொன்று. எனக்கு இரண்டு வைத்தார். கேக் என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருந்ததா, தெரியவில்லை.

"ரேடியோவுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

நான் ரொட்டியைத் தின்றேன். கையெல்லாம் மாவு.