பதினாலாம் அத்தியாயத்துக் குதிரை

1

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தம்பியின் குதிரையுடைய வலது முன்னங்காலில் கிடைத்தது.

தம்பி பூங்காவைச் சுற்றிக் குதிரை வண்டி ஓட்டுகிறான். அந்தப் பெண் குதிரைக்கு எஜமானி என்று பெயர் வைத்திருக்கிறான். "எஜமானிக்கு இன்னிக்கு மூட் சரியில்லக்கா, லீவு விட்டுட்டா" என்று போனில் சொல்வான். நான் வார இதழ்களில் தொடர்கதை எழுதுகிறவள். ஒரு வரி விடாமல் படிக்கும் வாசகன் எனக்கு அவன் ஒருவன்தான்.

2

தொடக்கம் ஒன்று: வளைவில் திரும்பும்போது லாடம் கழன்று, கணீரென்ற ஓசையுடன்—

(வேண்டாம். ஓசை கேட்டதாகத் தம்பி சொல்லவில்லை. குதிரை நொண்டியது, இறங்கிப் பார்த்தான், அவ்வளவுதான்.)

தொடக்கம் இரண்டு: லாடம் சாலையில் கிடந்தது. அதிலிருந்து பிய்ந்த ஆணி ஒன்று குளம்பின் அடியில், நடுவில் மெத்தென்று இருக்கும் இடத்தில், ஏறியிருந்தது. தம்பி காலைத் தூக்கி முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, குறடால் ஆணியை உருவி எறிந்தான். லாயத்தில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவினான். அயோடின் விட்டுப் பஞ்சு வைத்து, குழந்தைக்குப் போடும் டயாபரைச் சுற்றி, அகல டேப் ஒட்டினான். ரோமம் தொடங்கும் இடத்தை டேப் இறுக்கக் கூடாது* என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருந்தது.

*இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். இதை இந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன்.

3

மூன்றாம் நாள் குதிரை அந்தக் காலை ஊன்றவே இல்லை. கால்நடை டாக்டரம்மா வந்து குளம்பைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

"ஆணி எங்கப்பா?"

"அப்பவே எடுத்து எறிஞ்சுட்டேன் டாக்டர்."

"ஏன் எடுத்தே? அப்படியே விட்டுட்டு எனக்கு போன் பண்ணியிருந்தா, எக்ஸ்ரே எடுத்து எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம்னு பார்த்திருப்பேன். இப்ப ஓட்டை மூடிக்கிச்சு, சீழ் உள்ளேயே நிக்குது. உடனே உருவணும்னு எந்த மேதாவி சொன்னது?"

"கதையில வந்துச்சு டாக்டர். இதோ நிக்கிறாங்களே, எங்க அக்கா. அவங்க எழுதினது."

அவன் பெருமையாகத்தான் சொன்னான். நான் தண்ணீர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

(இந்தப் பகுதியை மூன்று முறை எழுதி அடித்தேன். இந்த முறை அடிக்காமல் விடுகிறேன்.)

பதினாலாம் அத்தியாயத்தில் என் கதாநாயகி குதிரையின் குளம்பிலிருந்து ஆணியை ஒரே இழுப்பில் உருவுவாள். அடுத்த பத்தியில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் பறக்கும். எழுதிய அன்று அரைப் பக்கம் குறைந்தது, அதற்காகச் சேர்த்தேன். யாரையும் கேட்கவில்லை. லாடம் அடிப்பவர் தெருக்கோடியில்தான் இருக்கிறார். செருப்பு மாட்டிக்கொண்டு போகச் சோம்பல்.

5

முடிவு (அ): ஒரு காலையில் சீழ் உடைந்து வெளியே வருகிறது. எஜமானி காலை ஊன்றுகிறாள்.

நாலே நிமிடத்தில் எழுதிவிட்டேன். பதினாலாம் அத்தியாயத்தையும் இதே வேகத்தில்தான் எழுதினேன்.

முடிவு (ஆ): டாக்டரம்மா ஊசியை எடுத்து, தம்பியை வெளியே—

முடியவில்லை.

6

உண்மையில் நடந்திருப்பது இதுவரைதான். சீழ் மூட்டுக்குள் போய்விட்டது. எடையெல்லாம் தாங்கித் தாங்கி இடது காலும் தளர்ந்துவிட்டது. பிழைக்க வாய்ப்பு மிகக் குறைவு, வைத்திருந்தால் வலி நிச்சயம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாலை ஆறு மணிக்கு வருவார். ஊசி போட்டு வலியை முடித்துவிடுவதா, வைத்துப் பார்ப்பதா என்று அதற்குள் தம்பி முடிவு சொல்ல வேண்டும். இப்போது மணி நாலரை. தம்பி போனில் இருக்கிறான்.

"நீயே சொல்லுக்கா."

"டாக்டர் சொல்றதைக் கேளுடா."

"அவங்க என்கிட்ட விட்டுட்டாங்க. எனக்குப் புத்தி ஓடலை. நீ எத்தனை பேரைச் சாகடிச்சிருக்கே, எத்தனை பேரைப் பிழைக்க வெச்சிருக்கே, உனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் கதைடா."

"சரி, கதைன்னே வெச்சுக்க. நீ எதை எழுதறியோ அதையே அவங்ககிட்டச் சொல்லிடறேன். உன்மேல ஒரு குத்தமும் சொல்லமாட்டேன்."

வழக்கமாக இந்த இடத்தில் முடிவை உங்களிடம் விட்டுவிட்டு நான் நழுவுவேன். 'வாசகர்களே, நீங்களே' என்றுகூடத் தொடங்கி—

இல்லை. நீங்கள் எந்த முடிவை நினைத்திருந்தாலும் சத்தமாகச் சொல்லாதீர்கள். போனை இன்னும் வைக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், கேட்டதைச் செய்துவிடுவான்.