வேலைக்கு வந்த வீடு

இரண்டாம் அலை ஓய்ந்த ஆவணி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, செல்வமாரியின் வீடு பசுவந்தனையிலிருந்து அவள் பின்னாலேயே நடந்து வந்து, கோவில்பட்டியில் பாண்டியராஜனின் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்றது. இரண்டே அறை கொண்ட ஓட்டு வீடு. முன்னறையில் அவளுடைய கம்ப்யூட்டர் மேஜை, பின்னறையில் அவள் புருஷன் காளிராஜ் படுத்திருந்த கட்டில். அவள் மினி பஸ்ஸில் வந்தாள், வீடு பஸ்ஸுக்குப் பின்னால் வந்தது. கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை. வண்டிக்குள் கால் வைக்காத எதற்கும் டிக்கெட் கிடையாது என்றார், அது நியாயம்தான். முந்தின நாள் மழை பெய்திருந்ததால் வழியெல்லாம் கரிசல் மண் அடியில் அப்பிக்கொண்டு, வீடு புறப்பட்டதைவிட ஒரு முழம் உயரமாக வந்து சேர்ந்தது.

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். பெட்டி அடைப்பவர்களும் கணக்குப் பார்ப்பவர்களும் எல்லோரும் ஆபீசுக்குத்தான் போகிறார்கள். செல்வமாரிக்குக் கப்பலில் போகும் சரக்கின் வேலை, அதெல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கும். ஊரடங்கு வந்தபோது பாண்டியராஜனே கம்ப்யூட்டரை வேனில் ஏற்றி அவள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. இரண்டாம் அலையில் காளிராஜுக்கு நோய் வந்தது. பாண்டியராஜனிடம் லாரி ஓட்டி, அவருடைய சரக்கைத்தான் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தவன். உயிர் தப்பிவிட்டான், நுரையீரல் தப்பவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் ராப்பகலாக ஓடியது. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். உடனே ஒருவர் டியூபைப் பிடுங்கி, தயாராக நிற்கும் சிலிண்டரில் மாட்டித் திறந்துவிட வேண்டும். பசுவந்தனையில் காற்று பலமாக வீசினாலே கரண்ட் போய்விடும். அந்த ஒருவர் செல்வமாரிதான். வேறு ஆள் இல்லை.

இதை அவள் போனில் சொல்லத்தான் செய்தாள். பாண்டியராஜன் கெட்டவர் இல்லை. ஆனால் எல்லோரும் திங்கட்கிழமை வந்தாக வேண்டும், ஒருத்தருக்கும் விலக்கு கிடையாது என்று தீப்பெட்டி முதலாளிகள் கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஒருத்திக்கு இடத்தைக் கொடுத்தால் மற்றவர்கள் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது அவர் அனுபவம். வக்கீல் பூவனநாதன் அவரை உட்கார வைத்து, ஆட்களைத் திரும்பக் கூப்பிடும் முதலாளி என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். காற்றோட்டம் வேண்டும், தள்ளித் தள்ளி உட்கார இடம் வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், வீட்டில் நோயாளி இருப்பவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு அவர்கள் சங்கடம் என்னவென்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுக்க வேண்டும். பாண்டியராஜன் ஜன்னல் வைத்தார், தரையில் வட்டம் போட்டார், நெற்றியில் காட்டும் துப்பாக்கி வாங்கினார். கடைசியாகச் சொன்னது மட்டும் செலவில்லாத காரியமாக இருந்ததால் மறந்துபோனார்.

வாசலில் வாட்ச்மேன் ராமசுப்பு இருந்தார். தீப்பெட்டி ஆபீசுக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது, பீடி கூடாது, நெருப்பு என்று பெயர் சொல்லும் எதுவும் கூடாது. முதலாளியின் மச்சினனையே மடியைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். வீட்டையும் அப்படியே சோதனை போட்டார். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி, அலமாரியில் ஒரு தீப்பெட்டி. அது அந்த ஆபீஸ் தீப்பெட்டியேதான் என்றாலும் எடுத்து வைத்துக்கொண்டார். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் எதிர்ச்சாரிப் புளியமரத்தடியில் நிறுத்தினார். ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்தார், சிலிண்டர் என்றால் சிலிண்டர்தான் என்று அதையும் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்நேரம் செல்வமாரி காய்ச்சல் பார்க்கும் வரிசையில் நின்றதால் இதைக் கவனிக்கவில்லை. மெஷின் ஓடியாக வேண்டும் என்பதால் வாட்ச்மேன் அறையிலிருந்து ஒரு ஒயர் மட்டும் முதலிலேயே இழுத்துக் கொடுத்திருந்தார். வழியெல்லாம் சிலிண்டரில் வந்த காளிராஜை மெஷினுக்கு மாற்றிவிட்டுத்தான் அவள் வரிசைக்குப் போயிருந்தாள். ஒயருக்குச் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் நெருப்பை வளர்க்கும் ஆக்சிஜன் மெஷினோடு உள்ளே விட முடியாது என்று சொல்லிவிட்டார். வீடு மறுபேச்சுப் பேசாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

உள்ளே அன்றைக்குக் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கோடு லாரி நின்றது. சாயங்காலத்துக்குள் தூத்துக்குடி சேரவில்லை என்றால் கப்பல் போய்விடும். பாண்டியராஜன் ஜேசிபி வரவழைத்தார். ஜேசிபி தள்ளியது, வீடு உட்கார்ந்துகொண்டது. இன்னொரு தடவை தள்ளினால் ஓடு சரிந்து ஆள் மேல் விழும் என்று டிரைவர் இறங்கிவிட்டான். பெட்டி அடைக்கும் பெண்கள் வட்டத்துக்கு ஒருத்தியாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பூவனநாதன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"வீட்டுக்கு ஒரு மெமோ குடுத்துருவோமா?" என்று பாண்டியராஜன் கேட்டார்.

"அது உங்க ஆளு இல்லையே அண்ணாச்சி. அதுக்கும் உங்களுக்கும் என்ன ஒப்பந்தம்?"

"அப்ப அவளை நிப்பாட்டிருதேன்."

"என்ன காரணம் சொல்லுவீங்க? வேலைக்கு வரலைன்னா? இந்தா வாசல்ல நிக்குதாளே. வீட்டைக் கூட்டிட்டு வந்தான்னா? கூட்டிட்டு வரப்பிடாதுன்னு உங்க ரூல்ஸ்ல எங்கன இருக்கு?" வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "முதல்லயே கூப்பிட்டு என்ன ஏதுன்னு கேட்டிருந்தீங்கன்னா வீடு அங்கனயே கிடந்திருக்கும்."

பாண்டியராஜனுக்கு வந்த கோபத்தில், புருஷனிடமே பேசிக்கொள்கிறேன் என்று படியேறி வீட்டுக்குள் போனார். வீடு அவரைத் தடுக்கவில்லை. பின்னறையில் காளிராஜ் தலையணையில் சாய்ந்து கிடந்தான். லாரிக்குள் ஏறினால் சீட்டு நிறைந்துவிடுகிற உடம்பு, இப்போது போர்வைக்குள் ஆள் இருக்கிற அடையாளமே இல்லை. மூக்கில் டியூப். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"லோடு கட்டியாச்சா மொதலாளி?" என்றான். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "தார்ப்பாய... இழுத்துக் கட்டச் சொல்லுங்க. எட்டயபுரம் தாண்டுனா... காத்து ஜாஸ்தி."

பாண்டியராஜனுக்குப் பேச வந்தது மறந்துபோனது. அவர் பதில் சொல்வதற்குள் கரண்ட் போனது. மெஷின் ஒரு தடவை கத்திவிட்டு நின்றது. காளிராஜின் கை போர்வையைப் பிடித்தது. வீட்டின் சுவர்கள் உள்வாங்கி வெளியே வந்தன, மறுபடி உள்வாங்கின. வாசலிலிருந்து செல்வமாரி ஓடிவந்தாள், சிலிண்டர் நின்ற மூலையைப் பார்த்தாள், மூலை காலியாக இருந்தது.

"சிலிண்டர் எங்க?" என்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாண்டியராஜனுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

புளியமரத்தடியில் நின்ற சிலிண்டரை அவர் வரும்போது பார்த்திருந்தார், ராமசுப்பு ராமசுப்புதான் என்று மனதுக்குள் மெச்சவும் செய்திருந்தார். இப்போது வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் தெருவில் ஓடினார். ஐம்பது வயதுக்கு மேல் சுமை தூக்கிப் பழக்கம் இல்லை. சிலிண்டரைச் சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தார். படியில் எப்படி ஏற்றுவது என்று திகைத்தபோது வீடு முன்பக்கம் தாழ்ந்து வாசற்படியைத் தரையோடு வைத்துக் கொடுத்தது. செல்வமாரி டியூபை மாட்டித் திறந்தாள். காளிராஜின் நீலம்பாரித்த உதடு மெல்ல நிறம் மாறியது. சுவர்கள் நின்றன. பாண்டியராஜன் கட்டிலின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்தப் பெண் ஒன்றரை மாதமாக ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்கும் இதைச் செய்துகொண்டு, நடுவில் அவருடைய சரக்கையும் கப்பலேற்றியிருக்கிறாள்.

"ஏம்மா, நீ வீட்டுக்குப் போ," என்றார்.

"வேலை மொதலாளி?"

"வேலையும் அங்கனதான். அவன் எந்திரிச்சு நடக்கிற வரைக்கும்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற பூவனநாதன் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா அண்ணாச்சி, அந்த வீடும் வேலை நடக்கிற இடந்தான். இடம் பாதுகாப்பா இருக்கான்னு நீங்களும் பாக்கணும். கரண்ட் கிரண்ட் எல்லாம்."

"இன்வெர்ட்டர் வச்சுக் குடுக்கேன். நீரு பேசாம இரும் வே."

கரண்ட் வந்ததும் ஒயரைப் பிடுங்கினார்கள், சிலிண்டரின் துணையில் வீடு எழுந்தது. கரிசல் மண்ணை ஒரு உதறு உதறி வாசலில் போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பியது. அதன் பின்னாலேயே லாரி புறப்பட்டு, எட்டயபுரம் ரோட்டில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, கப்பலைப் பிடித்துவிட்டது. மறுநாள் பாண்டியராஜன் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். வெள்ளைத்தாய் அரை மணி நேரம் பிந்தி வரட்டுமா என்றாள், சுகுணா ஜன்னல் பக்கத்து வட்டம் கேட்டாள். மடத்தை யாரும் கேட்கவில்லை. முதலாளிகள் கூட்டத்தில் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் வெளியே வந்ததும் இரண்டு பேர் அவரைத் தனியாக ஒதுக்கி, இன்வெர்ட்டர் எந்தக் கடையில் வாங்கினார் என்று விசாரித்தார்கள்.

ஆயுத பூஜையன்று வீடு யாரும் கூப்பிடாமலே வந்தது. வேலை நடக்கிற இடத்துக்கெல்லாம் சந்தனம் வைக்கிற நாள், அதற்குத் தெரிந்திருக்கிறது. காளிராஜ் முன்னறை ஜன்னலில் உட்கார்ந்து, மூக்கில் டியூபோடு, "ரைட்ல ஒடி... போதும்... வா, வா" என்று லாரி ஓட்டிய பழக்கத்தில் வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு வந்தான். ராமசுப்பு சோதனை போட்டுத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டார். ஆக்சிஜன் சிலிண்டரைத் தொடவில்லை. லாரிக்கும் இயந்திரங்களுக்கும் வைத்த கையோடு பாண்டியராஜன் வெளியே வந்து வீட்டு நிலைப்படியிலும் சந்தனம் குங்குமம் வைத்தார். செல்வமாரிக்கும் காளிராஜுக்கும் பொரிகடலை கொடுத்தார். அவர்களுக்கென்று கடம்பூர் போளி ஒரு பொட்டலம் தனியாக இருந்தது.

ராமசுப்பு வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை உள்ளே விடும் நெருப்பான தீபாராதனையைக் காட்டும்போது கரண்ட் போனது. ஆபீசில் விசிறிகள் நின்றன, பெண்கள் முந்தானையால் விசிறிக்கொண்டார்கள், ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. பாண்டியராஜனின் காது மட்டும் வாசல் பக்கம் போனது. வீட்டுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.