மாஸ்டரும் இறங்காத டிராகனும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்பதால் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. நாளெல்லாம் அதை மிதித்து மிதித்து, உலகத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்வதாக ஒரு நினைப்பு அவருக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்குச் செஸ் வேறு. சனிக்கிழமை சாயங்காலமானால் மனைவியின் தம்பி வருவான், பலகையை விரிப்பார்கள், மாஸ்டர் ஜெயிப்பார். வருஷக்கணக்காக இதுதான் நடைமுறை. மாஸ்டர் என்ற பட்டம் வண்டிக்காகக் கிடைத்ததா, செஸ்ஸுக்காகக் கிடைத்ததா என்று அவருக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அந்த மச்சினன் ஒரு மாதமாக வரவில்லை.

"எங்க உன் தம்பி? ஆளையே காணோம்?"

"ஏதோ புதுச் சீட்டு விளையாட்டாம். பஸ் ஸ்டாண்டு பின்னால ஒரு கடையில ஆடுறாங்களாம்" என்றாள் மனைவி.

"சீட்டா! காசு வெச்சா?"

"சேச்சே. பூதம், டிராகன்னு படம் போட்ட சீட்டு. பாக்கெட் பாக்கெட்டா வாங்கிச் சேர்க்கணுமாம்."

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல் செட் செய்யும் லேபில் உட்கார்ந்து ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிற வளர்ந்த மனுஷனுக்குப் பூதப்படம் கேட்கிறதா என்று வீடு அதிரச் சத்தம் போட்டார். உண்மையில் அவருக்கு அழுகைதான் வந்தது. அவனை விட்டால் அவருக்கு வேறு நாதியில்லை. வாயைத் திறந்தால் உபதேசம் செய்கிற ஆளோடு வேறு எவன் வந்து உட்காருவான்? அன்று தனியாகப் பலகையை விரித்து, இரண்டு பக்கமும் தானே ஆடிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துக்கும் உபதேசம் செய்ய ஆரம்பித்தபோது, 'சரி, முத்திப்போச்சு' என்று அவருக்கே தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு மச்சினனை மீட்கக் கிளம்பிவிட்டார்.

கடையின் பின்பக்கம் நீள மேஜைகள். டை கட்டிய ஆபீஸ்காரர் ஒருவர், தலை நரைத்த ஓர் அம்மாள், கல்லூரிப் பெண்கள் சிலர் என்று கலந்துகட்டி உட்கார்ந்து, சீட்டைக் கையில் விசிறியாக விரித்து யோசித்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரைப் பார்த்ததும் மச்சினன் பதறி எழுந்தான்.

"வாங்க அத்தான்... நீங்க எங்க இங்க?"

"உன் அழகைப் பார்க்கத்தான் வந்தேன். ஏண்டா, செஸ்ல உனக்கும் பதினாறு காய், எனக்கும் பதினாறு காய். கோடீஸ்வரன் ஆடினாலும் அதே குதிரைதான். இதுல என்ன? பாக்கெட்ல எவனுக்கு நல்ல சீட்டு வந்துச்சோ அவன் ராஜா. அப்புறம் கட்டுல என்ன வருதோ அதுதான் விதி. இது விளையாட்டா, குலுக்கல் சீட்டா?"

"எந்தச் சீட்டைச் சேர்க்கணும், எதை விடணும்னு நாமளே யோசிச்சுக் கட்டு அமைக்கணும் அத்தான். அதுலயும் மூளை இருக்கு. ஒரு ஆட்டம் ஆடிட்டுத் திட்டுங்களேன்."

தன்னிடம் உபரியாக இருந்த ஒரு சீட்டுக்கட்டை நீட்டினான். மாஸ்டர் வழக்கப்படி கட்டைவிரலை நாக்கில் தொட்டுச் சீட்டை எடுத்தார். மேஜையே உறைந்துபோனது. "சார், எச்சில்!" என்று ஆபீஸ்காரர் அலறினார். கடைக்காரப் பெண் ஓடிவந்து துணியால் துடைத்தாள். ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறை. தன் டிரைவிங் லைசென்ஸுக்குக்கூட இந்த மரியாதை செய்யவில்லையே என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார்.

அவர் கட்டில் மூன்று தலை டிராகன் ஒன்று இருந்தது. அதை மேஜையில் இறக்க மந்திரக்கல் சீட்டுகள் வேண்டும். கல் வந்தபோது டிராகன் வரவில்லை, டிராகன் வந்தபோது கல் இல்லை. மாஸ்டர் தோற்றார்.

"சீட்டே வரலடா எனக்கு! இன்னும் ஒரு கல்லு மட்டும் வந்திருந்தா உன் கதை கந்தலாகியிருக்கும்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். மறுபடி ஆடினார், மறுபடி தோற்றார், இன்னும் சத்தமாகச் சிரித்தார். மச்சினன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"தோத்துட்டுச் சிரிக்கிறீங்களே அத்தான்!"

"சீட்டு வரலன்னா நான் என்னடா பண்ணுவேன்?"

"இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா, இத்தனை வருஷம் நான் கஷ்டப்பட்டுத் தோத்திருக்க வேண்டாமே!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்ல அத்தான்."

"சொல்லுடா."

"உங்க கல்யாணமான புதுசுல ஒரு தடவை நான் ஜெயிச்சேன். நீங்க சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டீங்க. ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. 'உனக்குப் புண்ணியமாப் போகும், இனிமே ஜெயிச்சுத் தொலைக்காதே'ன்னு அக்கா சொல்லிட்டா. ஜெயிக்கிறது சுலபம் அத்தான். உங்களுக்குச் சந்தேகம் வராம தோக்கணும் பாருங்க, அதுக்குத்தான் மூளை வேணும். களைச்சுப் போயிட்டேன். இங்கன்னா நிஜமா ஆடலாம், அதான்."

"எல்லா ஆட்டமுமா?"

"ஒண்ணு ரெண்டு நீங்களா ஜெயிச்சிருப்பீங்க."

அந்த இரக்கத்தைத்தான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. மேஜைக்கு அடியில் அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. ராணியைப் பலி கொடுத்து ஜெயித்த ஓர் ஆட்டத்தை, சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதெல்லாம் பழக வந்தவர்களிடம் அளந்துவிட்டிருக்கிறார். அதுவும் பிச்சைதானா? மானம் கப்பலேறிவிட்டது. அதிர்ஷ்டம் என்றாலே ஏளனம் செய்த பெரிய மனுஷனுக்கு, தோல்வியின் பழியை இறக்கிவைக்க ஓர் அதிர்ஷ்டம் தேவைப்பட்டிருக்கிறது. செஸ்ஸில் பழி போட ஆளே கிடையாது.

"இனிமே இதையே ஆடலாம் அத்தான். உங்களுக்கு இதுதான் செட்டாகும்" என்றான் மச்சினன், நல்ல மனதோடு.

"சனிக்கிழமை வீட்டுக்கு வா. செஸ்தான். விட்டுக்கொடுத்தே, தொலைச்சுப்புடுவேன்."

"அக்கா..."

"அவகிட்ட நான் பேசிக்கிறேன்."

சனிக்கிழமை வந்தான். ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் மாஸ்டரின் ராஜா மாட்டிக்கொண்டது. தன் முகம் உப்புவது அவருக்கே தெரிந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவி தம்பிக்குக் கண்ணைக் காட்டினாள். அவன் சத்தமில்லாமல் பைக் சாவியை எடுத்தான். இவன் இப்போது படியிறங்கினால் மறுபடி வரமாட்டான் என்று மாஸ்டருக்குத் தெரியும். இத்தனை வருஷம் இந்த இரண்டு பேரும் இப்படித்தான் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறார்கள் என்று புரிந்தது. வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது.

"உட்காருடா" என்றார். "இன்னொரு ஆட்டம்."

அதிலும் தோற்றார். மூன்றாவது ஆட்டத்தில் மச்சினன் அவர் முகத்தை மறந்துவிட்டு, பலகைமேல் கவிழ்ந்து, குதிரையை நறுக்கென்று வைத்தான். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாருங்க ஜெயிக்கிறது?"

அந்த வீட்டில் அவள் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"உன் தம்பிதான்" என்றார் மாஸ்டர்.