மூன்றாவது ஆல்பத்துக்கு வராத விமர்சனம்

1.

இப்போதெல்லாம் எவனும் தன் நாக்கை நம்புவதில்லை. புரோட்டாவைத் தின்றுவிட்டு, நன்றாக இருந்ததா என்று போனைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான். டாக்டருக்கு ஸ்டார், பல் பிடுங்குகிறவருக்கு ஸ்டார். மலைமேல் இருக்கிற பெருமாளுக்கே ஒருத்தன் நாலரை போட்டிருக்கிறான். அரையை எதற்குப் பிடித்துக்கொண்டாய் என்று கேட்டேன். படிக்கட்டில் குரங்காம்.

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யால் வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறவு நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்டக் கூடாது.

2.

"இராஜபாளையத்தில் சாம்சன் என்றொரு கலைஞன்..."

அடித்துவிட்டேன். கலைஞன் என்று எழுதினால் வாசிக்கிறவர்கள் நீள முடி, ஜிப்பா என்று நினைப்பார்கள். சாம்சன் என் வீட்டு மாடியில் குடியிருக்கிற எலக்ட்ரீசியன். நாற்பத்திரண்டு வயது, முன்வழுக்கை, தினமும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். சர்ச்சில் கிதார் பழகினான். தானே பாட்டு எழுதி, தானே பாடி, மூன்று ஆல்பம் இன்டர்நெட்டில் விட்டிருக்கிறான். அவன் பாட்டு வகைக்குப் பெயர் 'பவர் பாப்' என்றான். கிதார் வேகமாக ஓட வேண்டும், மெட்டு வாயில் ஒட்ட வேண்டும், மூணு நிமிசத்தில் முடிய வேண்டும்.

(முடிவது நல்லதுதான் என்றேன். அவனும் சிரித்தான்.)

முதல் ஆல்பத்தைச் சென்னையில் ஒருவர் புகழ்ந்து எழுதினார். அதை பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணி வைத்திருக்கிறான். இரண்டாவதை அதே ஆள், முதலாவதன் நகல் என்று எழுதினார். அதையும் லேமினேட் பண்ணினான். மூன்றாவதுக்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை. லேமினேட் பண்ண ஒன்றுமில்லை.

3.

இந்தக் கதையில் நம்ப முடியாத ஆள் யார் என்று யோசித்தேன். நான்தான். ஐந்தாம் வகுப்பு, முப்பத்தாறு வருசம் நூல் மில்லில் ஜாபர், அதாவது மிஷின் வரிசைக்கு மேஸ்திரி. மிஷின் சத்தத்தில் வலது காது போயே போய்விட்டது, இடது காது பாதி. இப்படிப்பட்டவன் பாட்டு விமர்சனம் எழுதினால் நானே படிக்க மாட்டேன்.

எனக்குக் கண் ஆபரேசன் ஆனபோது ஒரு மாதம், நாளைக்கு நாலு வேளை, சாம்சன்தான் கண்ணில் சொட்டு மருந்து விட்டான். மதிய வேளைக்காக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வருவான். பெற்ற மகன் போனில் நலம் கேட்டான்.

மூன்றாவது ஆல்பத்தை அவன் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். "கேட்டுட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றான். நான் கேட்கவில்லை. காது இல்லாதவனிடம் கொடுக்கிறானே என்று எரிச்சல். மில் பஸ் ஓட்டுகிற சங்கிலிப்பாண்டியிடம் அதைத் தள்ளிவிட்டேன். சாம்சனிடம், "கேட்டேன், நல்லாருக்கு" என்றேன்.

அதுதான் பொய். நன்றி இருந்தது. ஆனால் நன்றி இருக்கிறவன் செய்கிற காரியமா இ

(இந்த வரி இப்படியே கிடக்கட்டும்.)

4.

இது நடந்து ஒன்றரை வருசம். போன வாரம் பேத்தி கல்யாணப் பத்திரிகை கொடுக்க மில்லுக்குப் போனேன்.

மில் தெரியாதவர்களுக்கு ஒன்று: அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது. உதட்டை அசைத்துத்தான் பேசுவோம். பத்து மிஷின் தள்ளி நிற்கிறவளுக்கு இன்று என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரியும். அதை வாசிக்க எனக்குக் காது வேண்டாம்.

வாசலில் நின்று பார்த்தேன். மில் பஸ்ஸில் வருகிற மம்சாபுரத்துப் பொம்பளைப் பிள்ளைகள் ஒரு வரிசை முழுக்க அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே ஒரே மாதிரி வாயை அசைத்தன. வாசித்தேன்.

டாட்டா சொன்னேன், ஜன்னலுக்குச் சொன்னேன்,
உனக்கில்ல, உனக்கில்ல.

அந்த இடத்தில் கைதட்டு இருக்க வேண்டும் போல. கையில் நூல் இருக்கிறதே. பதினாலு பிள்ளைகளும் தாடையை இரண்டு தடவை வெட்டின. திரும்பவும் முதலிலிருந்து.

டீ நேரத்தில் பாண்டிசெல்வி என்ற பிள்ளையிடம் அது என்ன பாட்டு என்று கேட்டேன். பஸ் பாட்டு என்றாள். ஒன்றரை வருசமாகத் தினமும் ஓடுகிறதாம். சங்கிலிப்பாண்டியைப் பிடித்தேன். "நீங்க குடுத்த பென்டிரைவுதான் மாமா. மாத்துனா பிள்ளைக பஸ்ஸ விட்டு எறங்க மாட்டேங்குதுக" என்றான்.

அது என் மாடியில் இருக்கிறவன் எழுதியது என்று பாண்டிசெல்வியிடம் சொன்னேன்.

"போங்க தாத்தா. எலக்ட்ரீசியன் பாட்டா? அது ஏதோ வராத படத்துப் பாட்டு."

5.

நாலாவது ஆல்பம் தயாராக இருக்கிறது. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை முடிந்ததும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு, கிதாரைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிடுவதாகச் சாம்சன் முன்பே சொல்லியிருந்தான். மாடிப்படி ஏறி மில்லில் பார்த்ததைச் சொன்னேன். அவன் பிள்ளைகளைப் பற்றி முதலில் கேட்கவில்லை.

"கேட்டேன்னு சொன்னீங்களே அண்ணாச்சி."

"கேக்கல. குடுத்துட்டேன்."

செத்த நேரம் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பொறவு, "கைதட்டு வருமே, அங்க என்ன செய்தாக?"

"தாடைய வெட்டுதாக. ரெண்டு தடவை."

வயரைக் கீழே வைத்தான். "எழுதிக் குடுங்க" என்றான். "வாயால சொன்னா, எனக்காகச் சொல்லுதீயன்னு தோணும்."

6.

முடிவு ஒன்று: சாம்சன் மில் பஸ்ஸில் ஏறுகிறான், பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொள்கின்றன. எழுத மாட்டேன். பாண்டிசெல்வி நம்ப மாட்டாள்.

முடிவு இரண்டு: ஞாயிற்றுக்கிழமை அவன் பட்டனை அமுக்க...

இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆக, இதுதான் விமர்சனம், சாம்சன். மூன்றாவது ஆல்பம், பதினாலு பேர், ஒன்றரை வருசம். நான் இன்னும் காதால் கேட்கவில்லை, இந்தப் பாதிக் காதுக்கு இனிமேல் பாட்டு விளங்கவும் செய்யாது. பார்த்தேன். நீ விட்ட மருந்தில் தெளிந்த கண்ணால் பார்த்தேன். அதற்கும், என் பொய்யை நீ கத்தாமல் வாங்கிக்கொண்டதற்கும் நன்றி.

இன்று சனிக்கிழமை. அவன் வேலைக்குப் போயிருக்கிறான். இதுவரை எழுதிய தாள்களை ஜெராக்ஸ் எடுத்து மாடிக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும் என்பதை வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மில்லில் பார்த்ததை நேரில், அவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை, தாளில் இருந்தால்தான் உண்மையாம். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.