மூன்றாவது விரல்

பத்திரிகை ஆபீசில் அவனுக்குப் பெயர் பாம்புக்காது. வீட்டுக் கம்ப்யூட்டர்கள் புதிதாக வந்து டீவியோடு ஒட்டிக்கொண்டிருந்த காலம். அதில் ஓடவிட வாசகர்கள் எழுதிக் கேசட்டில் அனுப்பும் இசை டெமோக்களைக் கேட்டு, ஒலித்தரத்துக்கு மார்க் போடுவது அவன் பிழைப்பு. அந்த மெஷினால் ஒரே நேரத்தில் எழுப்ப முடிந்தது மொத்தமே மூன்று குரல்தான். அதை வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் பெரிய கச்சேரியே நடத்தப் பார்ப்பார்கள். பாம்புக்காது கண்ணை மூடிக்கொள்வான். ஒரு குரல் பிடிபட்டால் ஒரு விரல், அடுத்ததற்கு இன்னொரு விரல். மூன்றும் எழுந்தால் டெமோ பிழைத்தது. எழாவிட்டால் கிழிகிழியென்று கிழித்துவிடுவான். 'மூன்றாம் குரலை எங்கே அடகு வைத்தீர்கள்?' என்று அவன் எழுதுவதைப் படிக்கவே பத்திரிகை வாங்கியவர்கள் உண்டு. கிழிபட்டவன் அப்புறம் மெஷினைத் தொட்டானா என்று யார் விசாரித்தார்கள்?

கொஞ்ச காலமாக வருவதெல்லாம் மட்டம் என்பது அவன் கட்சி. இரண்டு குரலுக்கு மேல் எழுத ஒருவருக்கும் துப்பில்லையாம். வீட்டிலும் அவன் அதிகாரம்தான். மகள் ஊதி ஊதி உயிரை வாங்கிய தகர விசிலை ஒரே அதட்டலில் நிறுத்திவிட்டதாக ஆபீசெல்லாம் பீற்றிக்கொண்டான்.

அன்று பத்திரிகை நடத்திய இசைப் போட்டியின் கடைசி டெமோ. பக்கத்தில் மனைவியின் தம்பி. ஆபீசில் மெஷின் பழுது பார்ப்பவன். அவனை அங்கே சேர்த்துவிட்டதே அத்தான்தான். கேசட் மெஷினில் ஏறி முடிந்து பாட்டு தொடங்கியது. பாம்புக்காது இரண்டு விரலைத் தூக்கினான். காத்திருந்தான். கண்ணைத் திறந்தான்.

"ரெண்டுதான். பூஜ்யம் போடு மச்சான்."

மச்சான் எழுதவில்லை. அவன் கையில் மூன்று விரல் நின்றது.

"என்னடா, விளையாடறியா?"

"மேல கிரீச்சுனு போகுதே அத்தான், காதைக் குத்துது. உங்களுக்குக் கேக்கலையா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாம்புக்காது டீவியைத் திட்டினான், வயரைப் பிடுங்கிச் செருகினான், வேறு மெஷினில் ஏற்றச் சொன்னான். கடைசியில் மச்சான் மற்ற இரண்டு குரலையும் அடக்கிவிட்டு மூன்றாவதை மட்டும் ஓடவிட்டான். பாம்புக்காது ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தான். ஒன்றுமில்லை.

"சத்தத்தைக் குறைங்கப்பா, மண்டை தெறிக்குது!" என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கத்தினார்.

பாம்புக்காது மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேடா. மேஜைக்குக் கீழ என் காலை மிதி. மூணு கேட்டா மூணு மிதி. நான் எழுதிக்கறேன். இந்தக் காதை விட்டா எனக்கு வேற என்னடா தெரியும்?"

"மிதிக்கறேன் அத்தான். ஆனா இதுவரைக்கும் பூஜ்யம் வாங்கிட்டுப் போனாங்களே, அவங்களுக்கு என்ன பதில்?"

பாம்புக்காது சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அழுக்கு அடைத்திருக்கும், சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தெருவில் பிள்ளைகள் வாயைப் பிளந்து பிளந்து ஓடினார்கள். பாம்புக்குக் காதே கிடையாது என்று ஆசிரியர் ஒருமுறை கேலி செய்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவனும் சேர்ந்து சிரித்திருந்தான்.

கதவைத் திறந்தான். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியே அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஜன்னலோரம் மகள் நின்றிருந்தாள். கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, வாயில் தகர விசில். அடுப்படி வாசலில் மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாசமா இந்தக் கூத்தைப் பொறுத்துக்கிட்டே இருக்கீங்க? அன்னைக்கு ஒரு தடவை அதட்டினதோட சரி, அவ எங்க நிறுத்தினா?"

அவன் மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். விசிலுக்கு நேராகக் காதைக் கொடுத்தான்.

"ஊதுடா கண்ணு," என்றான். "இன்னும் பலமா ஊது."